பழைய ரீலைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சென்னையை அடுத்த கோவளம் முகத்துவாரத்துக்கோ முட்டுக்காடு உப்பங்கழிக்கோ போய்ப் பார்த்தால் தெரியும், தூண்டில் போடுகிற இளைஞர்கள் எவ்வளவு பெருகிவிட்டார்கள் என்று. எனக்கு அது ரொம்ப சந்தோஷம். போன மாதம் அங்கே ஒரு தம்பி என் தூண்டிலில் நரம்பு சுற்றுகிற பழைய ரீலைப் பார்த்துவிட்டு, "அங்கிள், இது ஷோகேஸ்ல வைக்கிற பொருளாச்சே, இதுல மீன் பிடிக்க முடியுமா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, தெரியாமல்தான் கேட்டார். அன்றைக்கு அவருக்கு அரைகுறையாகச் சொன்ன பதிலை உங்கள் பத்திரிகை வழியாக முழுதாகச் சொல்ல ஆசை.

என்னுடையது மிட்செல் 300. கப்பலில் வேலை பார்த்த என் சித்தப்பா எழுபதுகளில் சிங்கப்பூரில் வாங்கி வந்தது. பிரான்ஸில் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் க்ளூஸ் என்று ஓர் ஊர், தலைமுறை தலைமுறையாகக் கடிகாரப் பாகங்கள் செய்கிற ஊர். அங்கே கடிகாரத்துக்குப் பல்சக்கரம் வெட்டிக்கொண்டிருந்த கார்ப்பானோ அண்ட் போன்ஸ் நிறுவனம்தான் முதல் மிட்செலைக் கொண்டுவந்தது. அந்தக் கைவேலை அதில் அப்படியே தெரியும். முட்டை வடிவ உடம்பு, மடக்கி வைக்கிற கைப்பிடி, முன்னால் ஒரு பொத்தானை அழுத்தினால் கையோடு வந்துவிடுகிற ஸ்பூல், அதாவது நரம்பு சுற்றியிருக்கிற கண்டு. பக்கத்து மூடியின் திருகுகளைக் கழற்றினால் உள்ளே உள்ள ஒவ்வொரு சக்கரமும் கண்ணுக்கு எதிரே நிற்கும், எது எதைத் திருப்புகிறது என்று பள்ளிக்கூடப் பையனுக்குக்கூடப் புரியும்.

சரி, இன்றைக்கு அது தாக்குப்பிடிக்கிறதா? தாக்குப்பிடிக்கிறது, ஆனால் எதற்குப் பிறந்ததோ அந்த வேலைக்கு மட்டும். அது நைலான் நரம்புக்காகச் செய்த ரீல். இறாலைக் கோர்த்துப் போட்டுவிட்டு, கொடுவா மீனோ செப்பிலி மீனோ வரட்டும் என்று காத்திருக்கிறவருக்கு அது போதும். நரம்பை வரிசையாகச் சுற்றும், டிராக் என்கிற பிடியை அளவாக வைத்தால் மீன் இழுக்கும்போது வெட்டி இழுக்காமல் சீராக விட்டுக்கொடுக்கும்.

அதே ரீலில் இப்போது எல்லோரும் போடுகிற பின்னல் நூலைப் போட்டால் தொல்லை ஆரம்பம். பழைய ரீல்களில் நூலைச் சுற்றிவிடுகிற கிண்ணத்துக்கு உள்ளே ஸ்பூல் உட்கார்ந்திருக்கும், புதியவற்றைப் போல மேலே கவிந்து மூடியிருக்காது, அதனால் கொஞ்சம் தளர்ந்தாலும் மெல்லிய நூல் ஸ்பூலுக்கு அடியில் போய் நடுத்தண்டில் சுற்றிக்கொள்ளும், இருட்டில் அதைப் பிரித்து எடுக்கிற பாடு பட்டவருக்குத்தான் தெரியும். நூல் ஓடுகிற உருளையிலும் நாளாவட்டத்தில் கோடு விழுந்துவிடும். பின்னல் நூலுக்கு நீட்சி அநேகமாக இல்லை என்பதால் மீன் அடிக்கிற அடி நேராகச் சக்கரப் பற்களில் இறங்கும். இன்னொன்று, மீன் கடித்ததும் சுண்டி இழுக்கும்போது பழைய ரீலின் கைப்பிடி கொஞ்சம் பின்னால் போய்த்தான் பிடிக்கும், புது ரீலில் அந்த ஆட்டமே கிடையாது. எடையும் 300 கிராமுக்கு மேல். ரப்பர் மீனை வீசி வீசி இழுக்கிற தூண்டிலுக்குக் காலை முழுக்க அதைப் பிடித்தால் மணிக்கட்டு வலிக்கும். அந்த வேலைக்கு நானே புது ரீல்தான் எடுத்துப் போகிறேன், இதில் எனக்கு வீண் பிடிவாதம் எதுவும் இல்லை.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது வேறு விஷயம். மூன்று வருஷம் முன்பு நல்ல விலை கொடுத்து ஒரு புது ரீல் வாங்கினேன். பதினாலே மாதம். ஒரு நாள் காலை நல்ல கொடுவா ஒன்று மாட்டி இரண்டாவது முறை துள்ளும்போது கைப்பிடி தன்னால் பின்பக்கம் சுழன்றது, நரம்பு தளர்ந்தது, மீன் போய்விட்டது. வீட்டுக்கு வந்து பிரித்தால், கைப்பிடியைப் பின்னால் விடாமல் பிடிக்கிற ஒருவழி பேரிங்குக்குள் உப்பு இறங்கித் துருப்பிடித்திருக்கிறது. விரல் நுனி அளவுள்ள சாமான். வாங்கிய கடையில் கேட்டேன், கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். "ஸ்பேர் வராது சார், புது மாடல் எடுத்துக்குங்க" என்பதுதான் எல்லா இடத்திலும் பதில். ஒரு சின்ன பேரிங்குக்காக முழு ரீலையும் தூக்கிப் போடச் சொல்கிறார்கள்.

மிட்செலுக்கும் நோய் உண்டு. நரம்பைப் பிடித்து ஸ்பூலில் சுற்றவைக்கிற பெயில் என்கிற கம்பி வளையத்தை மூடுகிற ஸ்பிரிங் அடிக்கடி உடையும், அது அந்தக் கால ரீல்களுக்கே உள்ள பலவீனம், அமெரிக்காவின் பென் ரீல்களிலும் இதே கதைதான். என்னுடையது உடைந்தபோது எங்கள் தெருமுனையில் கடிகாரம் பழுது பார்க்கிற பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு உள்ளே பார்த்துவிட்டு கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "இது கடியாரக்காரன் வேலை தம்பி" என்றார். க்ளூஸ் பற்றி நான் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. எஃகுக் கம்பியை ஆணியில் சுற்றி, இரண்டு முறை அளவு பார்த்து வெட்டி, ஒரு மணி நேரத்தில் ஸ்பிரிங் செய்து கொடுத்தார். ஆறு வருஷமாக அதுதான் ஓடுகிறது.

வாங்கிய பொருளைத் தூக்கிப் போடாமல் பழுது பார்த்துக்கொள்ள வழி வேண்டும் என்பதுதான் பழுதுபார்க்கும் உரிமை. ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை அதற்காக 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணையதளமும் வந்தது. விவசாயக் கருவிகள், செல்போன், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளைத்தான் முதலில் எடுத்துக்கொண்டார்கள். தூண்டில் சாமான்களையும் அதில் சேர்க்க வேண்டும் என்று கேட்கிறேன். ரீல் பொழுதுபோக்குப் பொருள்தானே என்று சிலர் நினைக்கலாம். பிடித்த மீனை விற்று வீட்டுச் செலவை ஒப்பேற்றுகிறவர்கள் பலரை எனக்குத் தெரியும், அவர்களுக்கு ஆயிரங்களில் விலை போகிற ரீல் ஒரு வருஷத்தில் சாவது விளையாட்டு இல்லை. விற்கிறவர்கள் ஒருவழி பேரிங், பெயில் ஸ்பிரிங், டிராக் வாஷர், நூல் ஓடுகிற உருளை இந்த நாலையாவது தனியாக விற்றால் போதும்.

பரணில் பழைய ரீல் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். கைப்பிடி இறுகியிருந்தால் பெரும்பாலும் உள்ளே கிரீஸ் காய்ந்து மெழுகு மாதிரி ஆகியிருக்கும், அவ்வளவுதான். மூடியைக் கழற்றி, எந்தச் சக்கரம் எப்படி இருந்தது என்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். புது கிரீஸைப் பற்களில் மெல்லிசாகத் தடவினால் போதும், அப்பிவிடாதீர்கள். உப்புத் தண்ணீரில் தூண்டில் போட்டுவிட்டு வந்த அன்றே ரீலை நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து வையுங்கள், இல்லாவிட்டால் அலுமினிய உடம்பில் வெள்ளையாகப் பூத்துவிடும்.

அந்தத் தம்பி போன ஞாயிறு மறுபடி வந்தார். அவர் தாத்தாவின் ரீலாம், ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார், கைப்பிடி அசையவில்லை. இந்த வாரம் இரண்டு பேருமாக உட்கார்ந்து பிரிக்கப் போகிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கேளம்பாக்கம்.