கருப்பட்டியும் சர்க்கரைதான், ஐயா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் இயற்கை இனிப்புக் கடைகளைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தீர்கள். கருப்பட்டியில் செய்தது என்பதால் சர்க்கரை நோயாளிகளும் பயமில்லாமல் சாப்பிடலாம் என்று அதில் ஒரு வரி. எழுதியவர் ஒரு டாக்டரையாவது கேட்டாரா, இல்லை கடைக்காரர் சொன்னதை அப்படியே போட்டுவிட்டாரா?

என் கணவருக்கு 11 வருடமாகச் சர்க்கரை. அந்தப் பக்கத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய் அரைக் கிலோ லட்டு வாங்கி வந்தார். "பேப்பர்லயே போட்டிருக்கான்" என்றார். நான் சொன்னால் கேட்காத மனுஷன் உங்களை நம்பினார். சாயங்காலத்துக்குள் நாலு லட்டு உள்ளே போய்விட்டது. மறுநாள் வெறும் வயிற்றில் பார்த்தால் 263. அதற்கு முந்தின வாரம் 138.

கருப்பட்டியைக் குறை சொல்ல எனக்கு மனசு வருமா? உடன்குடிப் பக்கம் பனையேறி வீட்டில் பிறந்தவள் நான். அப்பா விடியுமுன்னே ஏறிப் பதநீர் இறக்குவார். பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலியில் அம்மா ஓலையும் முள்ளும் போட்டு எரிப்பாள். பதநீர் பொங்கி வரும்போது ஆமணக்கு விதையை நசுக்கிப் போட்டால் அடங்கிவிடும். பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றுவது பிள்ளைகள் வேலை. கை சுட்டாலும் நிறுத்தக்கூடாது, பாகு இறுகிவிடும். அந்தக் கருப்பட்டியின் ருசி எதிலும் வராது. ஆனால் அதிலும் பெரும்பங்கு சர்க்கரைதான். நாள் முழுக்க வெயிலில் உழைத்தவர்கள் ஒரு துண்டு கடித்துத் தண்ணீர் குடித்தோம். டப்பா டப்பாவாகத் தின்னவில்லை.

சரி, லட்டாவது கருப்பட்டி லட்டா? டப்பாவின் மேலே பச்சை இலை, பெரிய எழுத்தில் 'இயற்கை'. பின்பக்கப் பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தேன். எது அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். முதலில் இருந்தது சீனி. கருப்பட்டி நாலாவது இடத்தில். இயற்கை விளைபொருள் என்று விற்றால் சான்று வேண்டும், அரசின் 'ஜைவிக் பாரத்' முத்திரை இருக்க வேண்டும் என்று 2017-லேயே விதி வந்துவிட்டது. இந்த டப்பாவில் அந்த முத்திரையைக் காணோம். இரண்டு பக்கக் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரி எழுத இடமில்லையா?

ஐந்து படம் போட்டிருந்தீர்கள். ஐந்திலும் கடை, விளக்கு, கண்ணாடி அலமாரி. ஒரு பனையேறி இல்லை, ஒரு பனைமரம்கூட இல்லை. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது உள்பக்கத்தில் நாலு வரியோடு முடித்துக்கொண்டீர்கள். சீனிப்பாகு கலந்த கருப்பட்டி சந்தையில் மலிவாக வந்து இறங்குவதால், சுத்தமாகக் காய்ச்சுகிறவன் விலை சொல்ல முடியாமல் நிற்கிறான். என் தம்பி மகன் அந்த வெறுப்பில்தான் போன வருடம் மரம் ஏறுவதை விட்டுவிட்டுத் திருப்பூர் போனான். வெல்லம் மஞ்சளாகத் தெரிய ஹைட்ரோஸ் என்ற வெளுக்கும் ரசாயனத்தைப் போடுகிறார்களே என்று மூன்று வருடத்துக்கு முன்னால் உங்களுக்கே ஒரு கடிதம் எழுதினேன். வெளியிடவில்லை, பதிலும் இல்லை. அந்தப் பொங்கலுக்கு வெல்லம் விற்கிற கடை விளம்பரம் முழுப்பக்கத்தில் வந்தது. அதையும் பார்த்தேன்.

நீங்கள் விவரம் தெரிந்தவர், இதெல்லாம் நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. 32 வருடமாக எங்கள் வீட்டில் உங்கள் பத்திரிகைதான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

அந்த ஒரு வரி தவறு என்று வரும் ஞாயிறு, அதே இணைப்பில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். என் கணவருக்கு வெட்டிக் காட்ட வேண்டும். டப்பாவில் இன்னும் ஆறு லட்டு இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு பனையேறியின் மகள்,
தூத்துக்குடி மாவட்டம்.