பால் உற்பத்தியாளர் கூட்டுறவு சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கும் தணிக்கை அறிக்கையும் உங்கள் கையில் இருக்கின்றன. கொள்முதல், போனஸ் விவரம் எல்லாம் அதிலேயே உள்ளதால் இங்கே திரும்பப் படிக்கவில்லை. இந்த ஆண்டு சங்கம் அதிகம் கவலைப்பட்டது நிறைசினை மாடுகளின், அதாவது கன்று போடும் நாள் நெருங்கிய மாடுகளின் தீவனம் பற்றித்தான். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

கன்று போட்ட இரண்டொரு நாளில் மாடு படுத்துவிட்டது என்று விடியற்காலையில் வரும் போன் நமக்குப் பழகிப்போனது. கழுத்தை விலாப்பக்கம் மடக்கிப் படுத்திருக்கும், காது ஜில்லென்றிருக்கும், சாணி போடாது. ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், குறைவதால் வரும் இதைத்தான் பால் காய்ச்சல் என்கிறோம். நம் சமவெளியில் ஜெர்சி கலப்பினம்தான் அதிகம். அந்த இனத்துக்கு இது சீக்கிரம் வரும், அதிலும் மூன்றாம் ஈற்றுக்கு மேல் இன்னும் கூடுதல். மாட்டின் ரத்தத்தில் ஓடும் சுண்ணாம்புச் சத்து ஏறக்குறைய 3 கிராம்தான். 10 லிட்டர் சீம்பாலில் 20 கிராமுக்கு மேல் போய்விடுகிறது. மீதியை எலும்பிலிருந்து எடுக்க உடம்பு முன்கூட்டியே பழகியிருக்க வேண்டும்.

அதனால்தான் கன்று போடுவதற்கு முந்தைய மூன்று வாரங்களில் கால்சியம் டானிக் ஊற்ற வேண்டாம், சுண்ணாம்புச் சத்து அதிகமுள்ள குதிரைமசால், அகத்தியைக் குறையுங்கள் என்று முகாமில் மருத்துவர் திரும்பத் திரும்பச் சொன்னார். சத்து தாராளமாக வந்துகொண்டிருந்தால் எலும்பிலிருந்து எடுக்கும் வேலையை உடம்பு செய்யாது. உரம் நிறையப் போட்டு வளர்த்த நேப்பியர் புல்லில் சாம்பல் சத்து (பொட்டாசியம்) கூடுதல், அதுவும் இதைக் கெடுக்கும். அந்த நாட்களில் சோளத்தட்டு நல்லது. மாடு படுத்துவிட்டால் உடனே கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்குப் போன் செய்யுங்கள். கால்சியம் மருந்தை ரத்தக் குழாயில் மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். வேகமாக ஏற்றினால் இதயமே நின்றுவிடும். மருத்துவர் இல்லாமல் தெரிந்த யாரையாவது வைத்து ஊசி போடும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

பால் வற்றிய இரண்டு மாதம் மாட்டுக்கு வெறும் தட்டும் தண்ணீரும் போதும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வயிற்றுக் கன்று பெரும்பாலும் வளர்வது அந்தக் கடைசி மாதங்களில்தான். வழக்கமான தீவனத்தோடு தினம் ஒன்று முதல் ஒன்றரை கிலோ கலப்புத் தீவனம் கட்டாயம் வேண்டும். கன்று போட்டதும் ஒரேயடியாக ஏற்றாமல், ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை அரைக் கிலோவாகக் கூட்டி, இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ என்ற அளவுக்குக் கொண்டுவாருங்கள். மாடு இளைத்திருக்கிறதே என்று சோற்றையும் அரிசிக் கஞ்சியையும் கொட்டினால் வயிறு புளித்து, உள்ளதும் போய்விடும். சீம்பாலைக் கன்றுக்கு முதல் மணி நேரத்திலேயே கொடுங்கள். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

சரி, இதெல்லாம் தெரிந்தும் ஏன் நடப்பதில்லை? கட்டுத்தரைக்குக் கட்டுத்தரை போய்ப் பேசியபோது காரணம் புரிந்தது. சங்கத்தில் தீவன மூட்டையைக் கடனாகக் கொடுத்து, பால் பணத்தில் பிடித்துக்கொள்கிறோம். ஒரே மாடு வைத்திருப்பவருக்கு அது வற்றிவிட்டால் பிடிக்கப் பால் பணம் கிடையாது, அதனால் மூட்டையும் கிடையாது. மாட்டுக்குத் தீவனம் மிகவும் தேவைப்படும் நேரத்தில் நம் விதியே கதவை அடைக்கிறது. கணவரை இழந்த பெண் உறுப்பினர்கள் சிலர் இதனால் அதிகம் சிரமப்பட்டார்கள்.

எனவே நிர்வாகக் குழு ஒரு தீர்மானம் கொண்டுவந்துள்ளது. சினை ஏழு மாதம் முடிந்ததை மருத்துவர் உறுதிசெய்தால், உறுப்பினர் பால் ஊற்றாவிட்டாலும் இரண்டு மாதத்துக்குரிய தீவனத்தைக் கடனாகக் கொடுப்பது. கன்று போட்டு இரண்டு வாரம் கழித்துத் தவணையாகப் பிடிப்பது. கன்று தவறிவிட்டால் தவணைக் காலத்தை நீட்டுவது. இதற்கான தொகையை லாபத்தில் தனியாக ஒதுக்க வேண்டியிருக்கும், அதனால் இந்த ஆண்டு போனஸ் சற்றுக் குறையும் என்பதையும் வெளிப்படையாகச் சொல்கிறேன்.

ஒத்துழைத்த கால்நடை மருத்துவருக்கும், பால் அளவையாளர்களுக்கும் நன்றி. தீர்மானத்தைப் பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்