தூத்துக்குடியை உச்சி வெயிலில் காட்டாதீர்கள்

தூத்துக்குடி மாநகராட்சிக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் தமிழ்நாடு சுற்றுலாத் துறைக்கும் வணக்கம்.

நான் கோயம்புத்தூர்க்காரன். எங்களுக்குக் கடல் பார்க்க வேண்டுமென்றால் ரயில் ஏறித்தான் ஆக வேண்டும். கன்னியாகுமரி, ராமேஸ்வரம், புதுச்சேரி என்று எல்லாரும் போகிற இடங்களுக்கு நானும் போயிருக்கிறேன். ஆனால் திரும்பத் திரும்ப என்னை இழுக்கிற ஊர் உங்களுடையதுதான். அந்த உரிமையில் இந்த மடலை எழுதுகிறேன்.

2025 ஜூலையில் வாகைக்குளம் விமான நிலையத்தில் புது முனையம் திறந்தாகிவிட்டது. சென்னையிலிருந்து முத்துநகர் எக்ஸ்பிரஸ் தினமும் காலையில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்குகிறது. திருச்செந்தூர் போகும் வேன்களுக்கோ குறைவே இல்லை. ஆகவே வெளியூர்க்காரர்கள் வரத்தான் செய்கிறார்கள். ஆனால் அவர்களில் பலர் பார்ப்பது எந்தத் தூத்துக்குடியை? முருகனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பும் வழியில், மதியம் பன்னிரண்டு மணிக்கு வண்டியை நிறுத்துகிறார்கள். மக்ரூன் பொட்டலம் வாங்குகிறார்கள். கடற்கரைச் சாலையில் ஒரு சுற்று. வெயில் தாங்காமல் ஏசி போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். "அங்கே என்னப்பா இருக்கு, ஒரு துறைமுகம், அவ்வளவுதான்" என்று ஊருக்கு வந்து சொல்கிறார்கள். கேட்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இந்த ஊர் விடிவதற்கு முன்பே தொடங்கி, காலை பத்து மணிக்குள் முதல் ஆட்டத்தை முடித்துவிடுகிறது. அடுத்த ஆட்டம் விளக்கு வைத்த பிறகுதான். நடுவில் வருகிறவருக்குக் காலி மேடைதான் கண்ணில் படும். நான் கேட்பதெல்லாம் இதுதான்: ஊரின் நேரத்துக்கு வெளியூர்க்காரரை அழைத்து வாருங்கள்.

மீனவர்கள் வாழும் திரேஸ்புரத்தில் தொடங்கலாம். இரவு வலை விரித்த நாட்டுப் படகுகள் காலையில் கரைக்கு வரும். சங்கு குளிக்கப் போகிறவர்கள் புறப்படும் நேரமும் அதுதான். கரையில் நீல நிற நண்டு வலையைக் குவித்துப் போட்டுக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு நண்டை வலையிலிருந்து எடுப்பது சாதாரண வேலை இல்லை. கொடுக்கைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலாகக் கண்ணியிலிருந்து உருவ வேண்டும். கால் முறிந்தால் விலை போய்விடும். அந்த விரல்கள் போகிற வேகத்தை நான் நின்று பார்த்திருக்கிறேன். எந்த அருங்காட்சியகத்திலும் இப்படி ஒன்றைக் கண்டதில்லை. பக்கத்திலேயே ஏலம். சீலா, விளமீன், பாறை, ஊளி, கணவாய் என்று கூடைகள் நகர்ந்துகொண்டே இருக்கும்.

அங்கே தயவுசெய்து எதையும் கட்டாதீர்கள். காட்சி மேடை வேண்டாம், மீன் சிலை வேண்டாம், 'ஐ லவ்' என்று ஆளுயர எழுத்தும் வேண்டாம். அது வேலை நடக்கும் இடம். வருகிறவர் ஒதுங்கி நிற்க ஒரு ஓரம், மீன்களின் பெயரைப் படத்தோடு தமிழில் சொல்லும் ஒரு பலகை, படம் எடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி. போதும். அதையும் அந்த மீனவர்களிடம் கேட்டு, அவர்கள் சரி என்று சொன்ன பிறகு செய்யுங்கள்.

உப்பளத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு; அதில் பெரும்பங்கு உங்கள் மாவட்டத்துக்கு. ஆனால் சாலையில் போகிறவர் காண்பது கீற்று போட்டு மூடிய வெள்ளைக் குவியல்களை மட்டும்தான். நிலத்தடி உப்பு நீரை மோட்டார் வைத்து இறைத்து, பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலில் சுண்டவிட்டு, கடைசிப் பாத்தியில் உப்பாக விளைய வைக்கும் அந்தப் பொறுமையான வேலை யார் கண்ணிலும் படுவதில்லை. இருட்டோடு இருட்டாகத் தொழிலாளர்கள் இறங்கிவிடுவார்கள். நீளக் கைப்பிடி போட்ட மரப்பலகையால் உப்பை வாரி வரப்பில் ஏற்றுவார்கள். வாரும்போது தண்ணீருக்கடியில் உப்பு கரகரவென்று உரசும் சத்தம் தூரத்திலேயே கேட்கும். சூரியன் மேலே வந்து, பாத்தி முழுக்க ஒளி திரும்பி அடிக்கத் தொடங்கும்போது கண் கூசும். அந்தக் கூச்சத்திலேயே வருடக்கணக்கில் நிற்கிறவர்களுக்குப் பார்வை கெடுகிறது, உப்பு நீரில் ஊறிய பாதம் வெடிக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் அழகு என்று மட்டும் படம் பிடித்துப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

எனவே என் யோசனை: தை முதல் மழை தொடங்கும்வரை உள்ள உப்புக் காலத்தில், முன்பதிவு செய்த சிறு குழுக்களை அதிகாலையில் அழைத்துப் போங்கள். விளக்கிச் சொல்பவர் அளத்தில் வேலை பார்த்தவராக இருக்கட்டும். கட்டணம் வாங்குங்கள், அதில் பெரும்பகுதி தொழிலாளர்களுக்கே போகட்டும். எனக்கு மகிழ்ச்சியாகக் கொடுக்கத் தோன்றும் பணம் அது. அதற்கும் முன்னால் ஒன்று. சுற்றுலாப் பயணிக்காக நிழற்கூடமும் கழிப்பறையும் கட்டுவதாக இருந்தால், முதலில் அங்கே வேலை செய்யும் பெண்களுக்குக் கட்டுங்கள். நாங்கள் அதையே பயன்படுத்திக்கொள்கிறோம்.

சாப்பாட்டுக்கு வருவோம். மக்ரூனைப் பற்றி ஊருக்கே தெரியும். ஆனால் முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரிப்பருப்பு, இவ்வளவுதான் சேர்மானம் என்பதும், மைதாவோ நெய்யோ கிடையாது என்பதும் வாங்குகிறவர் பலருக்குத் தெரியாது. வெள்ளைக்கருவை நன்றாக நுரைக்க அடித்து, முந்திரித் தூளைக் கலந்து, காகிதக் கூம்பில் அடைத்துச் சின்னச் சின்னக் கோபுரமாகப் பிழிவதைப் பார்த்தால் அப்புறம் கடித்துச் சாப்பிட மனம் வராது, கரையவிட்டுத்தான் சாப்பிடுவார்கள். விருப்பமுள்ள பேக்கரிகளோடு பேசி, வாரத்தில் ஒருநாள் இதைக் காட்ட ஏற்பாடு செய்யலாமே. ஈரக்காற்றில் மக்ரூன் நமுத்துப்போகும் என்று சொல்லி விற்றால், மழை நாளில் வாங்கிவிட்டு ஊர் போய்க் குறை சொல்கிறவர்களும் குறைவார்கள்.

இரவில் பரோட்டா. பரோட்டாக் கடையை 'நைட் கிளப்' என்று அழைத்த ஊர் இது; அந்தப் பெயரிலேயே நேரம் இருக்கிறது. கல்லில் விழும் மாவின் சத்தமும் சால்னா வாசனையும் தெருவுக்கே வந்துவிடும். அதற்கு நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். அந்தத் தெருக்களில் இரவு பதினோரு மணிக்கும் குடும்பத்தோடு நடக்க வெளிச்சமும், திரும்பிப் போகப் பேருந்தும் இருந்தால் போதும்.

மீன் சாப்பாட்டில்தான் ஒரு வேண்டுகோள் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறையும் அப்போதுதான். வருகிறவர் பெரிய மீன் கேட்டு, கிடைத்தாலும் விலையைப் பார்த்து ஏமாந்து போகிறார். மீன் குஞ்சு பெருகுவதற்காகத்தான் இந்தத் தடை, நாட்டுப் படகுகள் கொண்டுவரும் மீன் இன்னின்னது கிடைக்கும் என்று மாதவாரியாக ஒரு மீன் நாட்காட்டி அச்சிட்டு ரயில் நிலையத்திலும் விடுதிகளிலும் ஒட்டுங்கள். சாளையும் நெத்திலியும் எவ்வளவு ருசி என்று உங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்களுக்குத்தான் யாராவது சொல்ல வேண்டும்.

தீவுகளைப் பற்றி ஒரு வார்த்தை, அதுவும் தயங்கித்தான். மன்னார் வளைகுடாத் தீவுகள் 21ஐச் சேர்த்து 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அவற்றில் இரண்டு கடலுக்குள் போய்விட்டன. உங்கள் பக்கத்து விலங்குச்சல்லி அதில் ஒன்று. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்ததன் விலை அது. வான் தீவைச் சுற்றிச் செயற்கைப் பவளத்திட்டுகளை இறக்கிக் காப்பாற்ற வேண்டியிருந்தது. காரியாச்சல்லியை மீட்கும் முயற்சியையும் அரசு கையில் எடுத்திருக்கிறது. உங்கள் கரையில் அலை அடங்கிக் கிடப்பதில் இந்தத் தீவுகளுக்கும் திட்டுகளுக்கும் பங்கு உண்டு. பயணிகள் வருகிறார்கள் என்பதற்காகப் படகு விட்டு அங்கே கூட்டம் சேர்த்துவிடாதீர்கள். கரையில் ஒரு சிறு கூடம், கடலடியில் எடுத்த படங்கள், ஒரு நல்ல தொலைநோக்கி. எங்களுக்கு அது போதும்.

பழைய துறைமுகத்துக்கு ஒரு நடைப் பயணம் வையுங்கள். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போகும் மரத் தோணிகளைத் தமிழ்நாட்டில் வேறெங்கே போய்ப் பார்ப்பது? 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி வெள்ளைக்காரனோடு போட்டி போட்டது இதே கரையிலிருந்துதான். அங்கிருந்து பனிமய மாதா பேராலயம் பக்கம்தான். ஆகஸ்ட் 5 திருவிழாவுக்கு ஊரே திரளும். மற்ற நாளில் காலைப் பூசை முடிந்ததும் அந்த வளாகத்தில் உட்கார்ந்தால் கடல்காற்று வரும். இதையெல்லாம் இணைத்துச் சொல்ல ஒரு ஆள் இல்லாததால், பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை தனித்தனியாகக் கிடக்கின்றன. உள்ளூர்க் கல்லூரி மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் அருமையாகச் செய்வார்கள்.

எல்லாவற்றையும் உடனே செய்ய முடியாது என்று தெரியும். செலவு குறைந்த ஒன்றிலிருந்து தொடங்குங்கள். காலை ஐந்தரை மணிக்குப் பழைய பேருந்து நிலையத்திலிருந்து திரேஸ்புரம், கடற்கரைச் சாலை, உப்பளம் வழியாக ஒரு மினி பஸ். முத்துநகர் எக்ஸ்பிரஸில் வந்து இறங்குகிறவருக்காக ஏழு மணிக்கு ரயில் நிலையத்திலிருந்து இன்னொன்று. வார இறுதியில் மட்டும், மூன்று மாதத்துக்கு விட்டுப் பாருங்கள். எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று பார்த்து மேற்கொண்டு முடிவெடுக்கலாம். முதல் வாரமே டிக்கெட் எடுக்க நான் தயார். பதிவு எங்கே செய்வது என்று மட்டும் அறிவியுங்கள்.

அன்புடன்,
கோவையிலிருந்து ஒரு பயணி