பிரெக்சிட்டும் அயர்லாந்து எல்லையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகிய பிரெக்சிட் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, அப்போது அடுத்தடுத்துப் பிரதமர்களாக இருந்த தெரசா மேயின் தடுமாற்றத்தையும் போரிஸ் ஜான்சனின் துணிச்சலையும் விரிவாக ஒப்பிட்டிருந்தது. இருவரையும் அலைக்கழித்த அயர்லாந்து எல்லைக்கோ (பிரிட்டனின் பகுதியான வட அயர்லாந்துக்கும், ஒன்றியத்தில் நீடிக்கும் அயர்லாந்துக் குடியரசுக்கும் இடையிலான எல்லை) அதில் ஒரு வரிதான் கிடைத்தது. தமிழ்நாடு-கேரள எல்லையோரத்தில் குடியிருக்கும் எங்களுக்கு அது பெருங்குறையாகப் பட்டது.

அதுவரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு இணைந்தது. 2017இல் ஜி.எஸ்.டி. வந்ததும் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் நீக்கப்பட்டன. ஆயினும் இங்கிருந்து மலையேறிச் செல்லும் பால் வண்டிகளைக் கேரள எல்லையிலுள்ள ஆரியங்காவில் நிறுத்தி மாதிரி எடுத்துப் பார்க்கும் வழக்கம் கேரளப் பால்வளத் துறைக்கு உண்டு. (அதில் தவறும் இல்லை, குடிக்கிறவர்கள் அவர்கள்.) ஒரே நாட்டுக்குள், வரிச் சாவடி போன பிறகும், தரம் பார்க்கும் வேலை எல்லையில்தான் நடக்கிறது.

அப்படியிருக்க, ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒரே தர விதிகள் கொண்ட பொதுச் சந்தையையும் ஒரே இறக்குமதி வரி கொண்ட சுங்க ஒன்றியத்தையும் விட்டு வெளியேறுவோம், அயர்லாந்துத் தீவுக்குள் சாவடி எழுப்ப மாட்டோம், வட அயர்லாந்துக்கும் பிரிட்டனின் மற்றப் பகுதிகளுக்கும் இடையிலும் சோதனை வராது என்று பிரிட்டன் அரசு மூன்று வாக்குறுதிகளையும் ஒருசேர அளித்தால் அவற்றை எவரால் காப்பாற்ற முடியும்? சுமார் 500 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த எல்லையில் இராணுவக் காவல் அகன்றது, வட அயர்லாந்து மோதலை முடிவுக்குக் கொண்டுவந்த 1998 பெரிய வெள்ளி உடன்பாட்டுக்குப் பிறகுதான் என்பதால், அங்கு மீண்டும் சாவடி எழுவதை லண்டனும் விரும்பவில்லை, அயர்லாந்துத் தலைநகர் டப்ளினும் விரும்பவில்லை. 2016 வாக்கெடுப்பில் நாடு முழுவதும் 51.9 விழுக்காட்டினர் விலகலை ஆதரித்தபோது, வட அயர்லாந்தில் 55.8 விழுக்காட்டினர் நீடிக்கவே வாக்களித்தனர்.

தீர்வு காணும் வரை நாடு முழுவதையும் சுங்க ஒன்றியத்துக்குள் நிறுத்திவைக்கத் தெரசா மே முன்வந்தார். 2019 ஜனவரியில் நாடாளுமன்றம் அதை 432க்கு 202 என்ற கணக்கில் நிராகரித்தது. பின்னர் மேலும் இருமுறை தோற்கடித்தது. ஜான்சன் சோதனையை, வட அயர்லாந்துக்கும் பிரிட்டனின் மற்றப் பகுதிகளுக்கும் இடையிலுள்ள கடலுக்கு நகர்த்தினார். தெரசா மே அரசை 10 உறுப்பினர்களின் ஆதரவால் தாங்கி நின்ற, வட அயர்லாந்து பிரிட்டனோடு இணைந்தே இருக்க வேண்டும் என்னும் ஜனநாயக ஒன்றியக் கட்சி இதனால் கைவிடப்பட்டது. கட்டுரையாளர் துணிச்சல் என்று பாராட்டுவது இதைத்தான்.

அந்தத் துணிச்சலுக்கு விலை கொடுத்தது வட அயர்லாந்துத் தலைநகர் பெல்ஃபாஸ்ட். 2021 முதல் பிரிட்டனிலிருந்து அங்கு செல்லும் உணவுப் பொருட்களுக்குப் புதிய சான்றிதழ், சோதனை நடைமுறைகள் புகுந்தன. அதை எதிர்த்து ஜனநாயக ஒன்றியக் கட்சி மேற்கொண்ட புறக்கணிப்பால், 2022 பிப்ரவரி முதல் இரண்டாண்டுகள் இரு தரப்புக் கட்சிகளும் சேர்ந்தே நடத்த வேண்டிய வட அயர்லாந்தின் கூட்டு ஆட்சி முடங்கிக் கிடந்தது. பிரிட்டனும் ஒன்றியமும் செய்துகொண்ட 2023இன் விண்ட்சர் ஏற்பாடு, வட அயர்லாந்திலேயே விற்பனையாகும் சரக்குக்குப் பச்சைத் தடத்தையும் ஒன்றியத்துக்குள் போகக்கூடிய சரக்குக்குச் சிவப்புத் தடத்தையும் வகுத்து, கெடுபிடியைக் குறைத்தது. ஆனால் சோதனை அடியோடு ஒழியவில்லை.

விலகியதோடு இச்சிக்கல் முடிந்தது என்னும் தொனியில் கட்டுரை நிறைவுபெறுவதும் பொருந்தாது. உணவு, விலங்கு, தாவரப் பொருட்களில் ஒன்றியத்தின் விதிகளையே பின்பற்றும் உடன்படிக்கையை நோக்கிச் செல்ல 2025 மே மாதம் லண்டன் உச்சி மாநாட்டில் கெய்ர் ஸ்டார்மர் தலைமையிலான பிரிட்டன் அரசு இசைந்தது. அவ்விதிகளை வகுக்கும் அவையில் பிரிட்டனுக்கு இப்போது வாக்கு இல்லை.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
செங்கோட்டை.