முதியோர் மனநலப் பிரிவு வேண்டாம் என்று ஒதுங்கும் இளம் மருத்துவர்களுக்கு

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

மனநல மேற்படிப்பின் கடைசி வருடத்தில் எல்லோரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வது 'அடுத்து என்ன?' என்பதுதான். ஒருவர் குழந்தைகள் மனநலம் என்பார், இன்னொருவர் போதை மீட்பு என்பார். முதியோர் மனநலம் என்று யாராவது வாய் திறந்தால், 'அங்கே என்ன இருக்கு? எல்லாம் டிமென்ஷியா, மறதி நோய், குணமா ஆகப்போகுது?' என்று முடித்துவிடுவீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. நானும் அதையே சொன்னவன்தான். அப்புறம் முப்பது வருடத்துக்கு மேல் அதே பிரிவில் காலம் தள்ளி, அதில் ஒன்பது வருடம் துறைத் தலைவர் நாற்காலியிலும் உட்கார்ந்துவிட்டேன். இப்போது வாரத்தில் இரண்டு நாள் ஓபி மட்டும் பார்க்கிறேன். அந்தத் தெம்பில்தான் இந்த மடல்.

நான் இரண்டாம் வருட மாணவனாக இருந்தபோது 74 வயது அம்மா ஒருவரை அழைத்து வந்தார்கள். ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. கேஸ் ஷீட்டில் ஏற்கெனவே 'டிமென்ஷியா' என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தது. நினைவாற்றலையும் யோசனையையும் சின்னச் சின்னக் கேள்விகளால் அளக்கும் எம்எம்எஸ்இ சோதனையைச் செய்தேன். 30-க்கு 17. பாதிக் கேள்விகளுக்குப் பதில் 'தெரியலை'. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னால், 93 என்றுகூடச் சொல்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடிக்கோடு சரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

என் பேராசிரியை வந்தார். கேஸ் ஷீட்டைத் திறக்கவே இல்லை. மகளைப் பார்த்து, "எப்போதிலிருந்து?" என்றார்.

"மூணு மாசமா டாக்டர்."

"அதுக்கு முன்னாடி?"

"வீட்டு வரவு செலவு முழுக்க அம்மாதான் பார்த்தாங்க."

அவ்வளவுதான். மூன்று மாதத்தில் இவ்வளவு சரிவு, டிமென்ஷியாவில் அதிகம் காணப்படும் வகையான அல்சைமருக்குப் பொருந்தாது. அது வருடக்கணக்கில் மெல்ல அரிக்கும். தெரியாததைத் தெரிந்ததுபோல ஏதாவது சொல்லிச் சமாளிக்கவும் பார்ப்பார்கள். இந்த அம்மாவோ முயற்சி செய்வதையே விட்டிருந்தார். விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு, பசி இல்லை, எடை இறங்கியிருந்தது. கடுமையான மனச்சோர்வு. சிகிச்சை தொடங்கிய எட்டாவது வாரம் மறுபடி கழிக்கச் சொன்னேன். 93, 86, 79, 72, 65. அங்கே நிறுத்திக்கொள்ளலாம் என்பது சோதனையின் விதி. அவர் நிற்கவில்லை. 2 வரை போய்விட்டு, "இதுக்கு மேலே மைனஸ், போகட்டுமா?" என்றார்.

இது புதிதாக யாரும் கண்டுபிடித்த வித்தை அல்ல. இங்கிலாந்தில் மனநல மருத்துவர் மார்ட்டின் ராத் 1955-ல் எழுதிய கட்டுரையைத் தேடிப் படியுங்கள். அதற்கு முன் மனநல மருத்துவமனைக்கு வந்த முதியவர்களை ஒரே மூட்டையாகக் கட்டி, மூளை தேய்ந்துவிட்டது என்று ஓரம்கட்டுவதே வழக்கம். ராத் அவர்களை ஐந்து வகையாகப் பிரித்தார். பிரித்ததோடு விடாமல், ஆறு மாதம் கழித்தும் இரண்டு வருடம் கழித்தும் யார் என்ன ஆனார்கள் என்று பார்த்தார். மனச்சோர்வு போன்ற மனநிலைக் கோளாறு இருந்தவர்களில் பெரும்பாலோர் வீடு திரும்பியிருந்தார்கள். மூளைத் தேய்வு வகையில் பெரும்பாலோர் இரண்டு வருடத்துக்குள் இறந்திருந்தார்கள். ஒரே வார்டு, ஒரே வயது, ஆனால் வேறு வேறு நோய். இதே ராத்தான் பின்னாளில் நியூகாசிலில் பிளெஸ்ஸெட், டாம்லின்சன் இருவரோடும் சேர்ந்து, இறந்தவர்களின் மூளையில் இருந்த படிவுகளின் எண்ணிக்கைக்கும் உயிரோடிருந்தபோது அவர்களுக்கு இருந்த மறதியின் அளவுக்கும் தொடர்பு உண்டு என்று 1968-ல் காட்டினார். நுண்ணோக்கியும் வார்டும் ஒரே ஆளின் வாழ்க்கையில் சந்தித்துக்கொள்ளும் பிரிவு இது. 'அங்கே என்ன இருக்கு' என்று கேட்பவர்களுக்கு வேறு என்ன சொல்வது?

டாம் ஏரி என்று இன்னொருவர். 1969-ல் லண்டன் பக்கம் குட்மேய்ஸ் மருத்துவமனையில் முதியோர் மனநலச் சேவையைத் தொடங்கியவர். நோயாளியைச் சேர்ப்பதற்கு முன் வீட்டுக்கே போய்ப் பார்ப்பது அவர் வழக்கம். நேரம் வீணாகிறதே என்று தோன்றும். ஒரு தடவை போய்ப் பாருங்கள். மூன்று டாக்டர்கள் தனித்தனியாக எழுதிய மாத்திரைகள் ஒரே டப்பாவில் கிடக்கும். அடிபிடித்துக் கருகிய பாத்திரம் மறைவாக இருக்கும். போன வருடக் காலண்டர் சுவரில் தொங்கும். ஓபியில் ஒரு மணி நேரம் கேட்டாலும் கிடைக்காத விவரங்கள் இவை.

என் தப்பையும் சொல்கிறேன். 81 வயதுப் பெரியவர் ஒருவர் தூக்கம் வரவில்லை என்றார். தூக்கமும் வரவைக்கும் பழைய மனச்சோர்வு மாத்திரையான அமிட்ரிப்டிலின் எழுதினேன். நாலாம் நாள் வார்டில் ரொம்ப அமைதியாகப் படுத்திருந்தார். 'இப்போ தொந்தரவு இல்லை டாக்டர்' என்று நர்ஸ் சொன்னார், எனக்கும் நிம்மதி. உடல்நலக் கோளாறால் திடீரென்று மூளை குழம்பிப்போவதைச் சன்னி என்போம். அமைதியாகப் படுத்திருக்கிற சன்னியை நான் பாடத்தில் படித்திருந்தேன், கட்டிலில் பார்த்ததில்லை. அந்த மாத்திரை சிறுநீரைத் தேக்கும். தேங்கிய சிறுநீரில் கிருமி சேர்ந்து மூளையைக் குழப்பியிருந்தது. கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. பிழைத்துக்கொண்டார். ஆனால் வந்தபோது தானாக நடந்து வந்தவர், போகும்போது பிடித்துக்கொண்டு போனார்.

அமெரிக்க முதியோர் மருத்துவர் ஷாரன் இனோயேவின் ஆய்வு 1999-ல் வெளிவந்தபோது எனக்குச் சுருக்கென்றது. கண்ணாடி, காது மிஷின், போதிய தண்ணீர், நடமாட்டம், மாத்திரை இல்லாத தூக்கம், இன்று என்ன நாள் என்ற நினைவூட்டல் என்று இவ்வளவு எளிய விஷயங்களால் மருத்துவமனையில் சன்னி வருவோரின் விகிதம் 15-லிருந்து 9.9 சதவீதமாக இறங்கியிருந்தது. துறைத் தலைவரானதும் நான் போட்ட முதல் சண்டை, ஒவ்வொரு கட்டிலிலிருந்தும் தெரிகிற மாதிரி பெரிய எண் போட்ட கடிகாரம் வேண்டும் என்பது. 'கடிகாரத்துக்கா சார் மீட்டிங்?' என்று சிரித்தார்கள். மூன்று மீட்டிங் ஆனது. தலைமைப் பதவி என்பது பெரும்பாலும் இதுதான், பிரமாதமாக எதுவும் எதிர்பார்க்காதீர்கள்.

மூளை முதுமை ஆய்வில் இப்போது காசும் கவனமும் மருந்துகள் பக்கம்தான். அல்சைமருக்கான லெகானெமாப் என்ற மருந்து 2023-ல் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்றது. ஆரம்பக்கட்ட அல்சைமரின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கிறது, நிறுத்துவதில்லை. மூளையில் வீக்கம், கசிவு வருகிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நல்ல தொடக்கம், மறுக்கவில்லை. ஆனால் முதியோர் மனநல மருத்துவர் கில் லிவிங்ஸ்டன் தலைமையில் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2024-ல் சொன்னதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காது கேளாமை, ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, மனச்சோர்வு, தனிமை, பார்வைக் குறை என்று மொத்தம் 14 காரணிகள். இவற்றை வாழ்நாள் முழுக்கக் கவனித்தால் உலகின் டிமென்ஷியாவில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு இருக்கிறது. மாநாட்டில் மருந்து அரங்கம் நிரம்பி வழியும். காது மிஷின் பற்றிப் பேசும் அரங்கத்தில் நாற்காலிகள்தான் உட்கார்ந்திருக்கும். அந்தக் காலி நாற்காலிகளில் உங்களுக்கு ஒரு வாழ்நாள் வேலை இருக்கிறது.

இது முழுக்கச் சரிவின் கதையும் இல்லை. 2012-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் தலைவரான திலிப் ஜெஸ்தே, முதுமையில் ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய் எப்படி இருக்கிறது என்று ஆராய்ந்தவர். போகப்போக அவர் பார்வை வேறு பக்கம் திரும்பியது. உடம்பு தளர்ந்தாலும் வயது ஏற ஏற மனநிறைவு கூடுகிறது என்று அவருடைய குழுவின் ஆய்வு காட்டியது. யோசிக்கும் வேகம் குறையும், பெயர் நுனிநாக்கில் நிற்கும். சொல்வளம் மட்டும் அவ்வளவு சீக்கிரம் குறையாது.

சரி, கஷ்டங்களையும் மறைக்கக் கூடாது. ஒரு நோயாளிக்குப் பத்து நிமிடம் என்ற கணக்கு இங்கே எடுபடாது. கூட வருபவரும் பாதி நோயாளியாகத்தான் வருவார். வருமானம் மற்ற பிரிவுகளைவிடக் குறைவாக இருக்கலாம். இறப்புச் செய்தி அடிக்கடி வரும். அந்தக் கணக்கு ஆசிரியைக்கும் ஒன்பது வருடம் கழித்து நிஜமாகவே டிமென்ஷியா வந்தது. மனச்சோர்வில் மறதி வந்து தெளிந்தவர்களில் சிலருக்கு அப்படி வரும், அதனால்தான் அவரைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். நடுவில் கிடைத்த ஒன்பது வருடத்தில் இரண்டு பேரப்பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்திருந்தார். கடைசியாக வந்தபோது என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நூறிலிருந்து கழிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, சொல்லவும் இல்லை.

ஒரு மாதம் வந்து பாருங்கள். செவ்வாயும் வெள்ளியும் காலை ஒன்பதுக்கு ஓபி. என் மேஜைக்குப் பக்கத்தில் உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன். கேஸ் ஷீட் என்னிடம் இருக்கட்டும். கூட வந்தவரிடம் 'எப்போதிலிருந்து?' என்று முதலில் நீங்கள் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் மூத்த சகா ஒருவன்