டோக்கியோ டோமில் எந்தப் பக்கம் உட்கார்ந்தாய்?

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை.

அலுவலகத்துத் தோழர்கள் உன்னைப் பேஸ்பால் ஆட்டம் பார்க்க டோக்கியோ டோம் மைதானத்துக்கு அழைத்துப் போனார்களாம், நீ டோக்கியோவின் ஜெயன்ட்ஸ் அணிக்குக் கை தட்டினாயாம். அம்மா சொன்னாள். அதைப் பொறுத்துக்கொள்கிறேன், விருந்துக்குப் போன இடத்தில் சாம்பாரைக் குறை சொல்லக் கூடாது. ஆனால், 1984-க்குப் பிறகு, இரண்டு லீக்குகளின் வெற்றியாளர்கள் மோதும் ஜப்பான் சீரிஸ் ஒன்றைக்கூட வெல்லாத கார்ப் அணியை ஹிரோஷிமாக்காரர்கள் ஏன் இன்னும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்று ஒருவர் கேட்டாராம், நீயும் சேர்ந்து சிரித்தாயாம். அதற்குத்தான் இந்தக் கடிதம். தொலைபேசியில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா" என்று வைத்துவிடுவாய்.

ஜெயன்ட்ஸுக்குப் பின்னால் ஒரு பத்திரிகை நிறுவனம் இருக்கிறது. ஹான்ஷின் டைகர்ஸுக்கு ரயில் நிறுவனம். கார்ப் தொடங்கியபோது அதற்குப் பின்னால் யாரும் இல்லை. 1949 கடைசியில், அணுகுண்டு விழுந்து நான்கே ஆண்டுகள் ஆன ஊரில், கூரைக்கே வழியில்லாதவர்கள் நடுவில் தொடங்கிய அணி அது. முதல் பருவத்தில், 1950-இல், 41 வெற்றி, 96 தோல்வி. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் நேரத்துக்கு வரவில்லை. அடுத்த ஆண்டே ஷிமோனோசெகியில் இருந்த தையோ அணியோடு இணைத்துவிடலாம் என்று பேச்சு எழுந்தது. பயிற்சியாளர் இஷிமோதோ ஷூயிச்சி ஆட்டத்தைக் கவனித்த நேரத்தைவிட, ஊர் ஊராகப் போய் ஆதரவாளர் சங்கம் அமைத்துப் பணம் திரட்டிய நேரம்தான் அதிகம் இருக்கும். மைதான வாசலில் சாக்கே மதுப் பீப்பாயை வைத்தார்கள். உள்ளே போகிறவர்கள் கையில் இருந்ததை அதில் போட்டுவிட்டுப் போனார்கள்.

நம் பழைய வீட்டுக்குக் கீழே ஒகோனோமியாகி (தகட்டில் சுடும் முட்டைக்கோஸ் அடை) கடை வைத்திருந்த பாட்டியை உனக்கு நினைவிருக்கும். அப்பாவின் தோளில் உட்கார்ந்தபடி அந்தப் பீப்பாயில் காசு போட்ட சிறுமிகளில் அவரும் ஒருவர். அடியில் ஏற்கெனவே காசு கிடந்ததால் கட்டையில் படாமல் காசின்மேல் காசு விழுந்த ஓசையைத்தான் அவர் எப்போதும் சொல்வார். கடையில் வானொலி ஓடிக்கொண்டே இருக்கும். பந்தெறியும் பிட்சர் சொதப்பினால் கரண்டியால் இரும்புத் தகட்டை 'ணங்' என்று தட்டி, சொந்த அண்ணன் மகனைத் திட்டுவது போலத் திட்டுவார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வெளியூர்க்காரர் அதை நம்பி, தானும் சேர்ந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போயிற்று: அவருடைய தட்டில் முட்டை கொஞ்சம் கருகித்தான் வரும். திட்டும் உரிமையைக் காசு போட்டு வாங்கியவர் அவர். உன் தோழருக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. தோற்கும் அணி என்று தெரிந்தே காசு போட்ட ஊர் இது. தோற்றுவிட்டது என்பதற்காக எப்படிக் கைவிடும்?

பிறகு 1968-இல் தோயோ கோக்யோ, அதாவது இன்றைய மாஸ்டா கார் நிறுவனம், அணியின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. மாட்சுடா குடும்பத்தின் கையில் அணி இருக்கிறது. ஆனாலும் நஷ்டம் வந்தால் ஈடுகட்ட ஒரு பெரிய முதலாளி நிறுவனம் இல்லை என்பதால் கணக்கு எப்போதும் இறுக்கம்தான். இளைஞர்களை எடுத்து வளர்ப்பார்கள். வளர்ந்ததும் பணக்கார அணிகள் கொத்திக்கொண்டு போகும். மட்டையாளர் கனெமோதோ போனார். 2007-இல் அராய் தகாஹிரோ, கார்ப் மீது ஆசை இருக்கிறது என்று அழுதுகொண்டே ஹான்ஷினுக்குப் போனார். போகிறவர் எதற்கு அழ வேண்டும் என்று எனக்கு அன்று எரிச்சலாகத்தான் இருந்தது.

பிட்சர் குரோதா ஹிரோகி கதை வேறு. 2006-இல் அவருக்கு அணி மாறும் உரிமை கிடைத்தபோது, ரசிகர்கள் மைதானத்தில் பெரிய துணி ஒன்றை விரித்தார்கள். நீ கண்ணீர் விட்டால் அந்தக் கண்ணீராக நாங்கள் இருப்போம் என்று அதில் எழுதியிருந்தது. அந்த ஆண்டு அவர் போகவில்லை. அடுத்த ஆண்டு அமெரிக்கா போனார், டாட்ஜர்ஸ், யாங்கீஸ் அணிகளில் பெரிய பெயர் எடுத்தார். 2015-இல், அங்கே பல மடங்கு பணம் காத்திருக்க, திரும்பி வந்தார். அதே பருவத்தில் அராயும் வந்து சேர்ந்தார். உன் அலுவலகத்து வரவு செலவுப் பட்டியலில் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவாய்?

கினுகாசா சச்சியோவைச் சொல்லாமல் விட்டால் அந்தப் பாட்டி என்னை மன்னிக்க மாட்டார். கியோட்டோவில் ஜப்பானியத் தாய்க்கும் அமெரிக்கக் கறுப்பினப் படைவீரருக்கும் பிறந்தவர். இந்த ஊருக்கு வந்து, தொடர்ந்து 2215 ஆட்டங்கள் ஆடினார். 1979-இல் ஜெயன்ட்ஸ் பிட்சர் நிஷிமோதோவின் பந்து பட்டுத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. மறுநாள் மட்டையோடு வந்து நின்றார். மட்டையால் மூன்று வீச்சு, மூன்றும் முழு வேகம், மூன்றிலும் பந்து படவில்லை, அவுட். முதல் வீச்சு ரசிகர்களுக்கு, இரண்டாவது எனக்கு, மூன்றாவது நிஷிமோதோவுக்கு என்றார். பந்தை எறிந்தவர் மனம் உடைந்துபோகக் கூடாதே என்று யோசித்த மனிதர்! அந்த ஆண்டுதான் கார்ப் முதன்முறையாக ஜப்பான் சீரிஸை வென்றது. லீக் பட்டம் அதற்கு முன்பே, 1975-இல், அணியின் தொப்பி சிவப்பான ஆண்டிலேயே வந்துவிட்டது. அதற்கு முந்தைய மூன்று பருவங்களும் கடைசி இடம் என்பதையும் உன் தோழருக்குச் சொல்.

அணுகுண்டுக் கூடத்துக்கு எதிரே இருந்த பழைய மைதானத்தை நீ பார்த்திருக்க முடியாது. 2009-இல் அணி ஸ்டேஷன் பக்கம் வந்துவிட்டது. புதியதில் இடப்பக்கம் சுவரைத் தாழ்த்தி, போகிற ரயிலிலிருந்து ஆட்டம் தெரியும்படி கட்டியிருக்கிறார்கள். டிக்கெட் வாங்காதவனுக்கும் இரண்டு நொடி இலவசம். நான் ஷின்கான்சென் அதிவேக ரயிலில் போகும்போது இன்றுவரை அந்தப் பக்க ஜன்னலுக்குத்தான் சண்டை போடுவேன். பழைய மைதானத்தின் மேல் வரிசையில் உட்கார்ந்தால் ஒரு கண்ணில் ஆட்டமும் இன்னொரு கண்ணில் அந்த இடிந்த கூடமும் தெரியும். அந்தக் காட்சி போனதில் எனக்கு வருத்தம்தான். உன் அம்மாவுக்கு இல்லை. கழிப்பறை சுத்தமாக இருக்கிறது என்கிறாள்.

அடுத்த முறை கார்ப் டோக்கியோவுக்கு வரும்போது அந்தத் தோழரையும் கூட்டிக்கொண்டு போ. 1991-க்குப் பிறகு 25 ஆண்டுகள் காத்திருந்த லீக் பட்டம் 2016 செப்டம்பர் 10 அன்று அதே டோமில்தான், அதே ஜெயன்ட்ஸை வென்றுதான் வந்தது என்று சொல். குரோதாவும் அராயும் அங்கே கட்டிப்பிடித்து அழுதார்கள். இந்த முறை நான் எரிச்சல்படவில்லை.

உன் சிவப்புச் சட்டையைத் துவைத்து கூரியரில் அனுப்பியிருக்கிறேன். கூடவே எலுமிச்சையும் இருக்கிறது, வந்ததும் ஃபிரிட்ஜில் வை. டிக்கெட் வாங்கும்போது இடப்பக்கம் கேள், விருந்தினர் அணி ரசிகர்களுக்கு அந்தப் பக்கம்தான்.

அன்புடன்,
அப்பா