குறு அங்கன்வாடிக்கும் ஓர் உதவியாளர் வேண்டும்

மாவட்டத் திட்ட அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊராட்சியில் ஊருக்குள் ஒரு முதன்மை அங்கன்வாடியும், சாலைக்கு அப்பாலுள்ள எங்கள் குடியிருப்பில் உதவியாளர் இல்லாமல் ஒரே பணியாளரோடு நடக்கும் ஒரு குறு அங்கன்வாடியும் இருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். குறு மையத்துக்கு உதவியாளர் கேட்கும் கிராம சபைத் தீர்மானமும் தங்கள் அலுவலகத்தில்தான் இருக்கிறது. சென்ற வாரம் குறு மையத்தின் பணியாளர் உலையைக் கவனித்துக்கொண்டிருந்தபோது, மூன்று வயதுக் குழந்தை ஒன்று படியிறங்கிச் சாலை வரை போய்விட்டது. வழிப்போக்கர் ஒருவர் தூக்கி வந்து விட்டதால்தான் இதை ஒரு கோரிக்கையாக எழுத முடிகிறது.

முதன்மை மையத்தில் உதவியாளர் சமைக்கிறார். பணியாளர் பிள்ளைகளோடு அமர்ந்து பாட்டும் கதையும் விளையாட்டுமாக முன்பருவக் கல்வியை நடத்துகிறார். குறு மையத்தில் இரண்டும் ஒருவர் தலையில். அடுப்பும் பிள்ளைகளும் ஒரே அறையில் இருப்பதால், அவர்களைச் சுவரோரமாக உட்காரவைத்து, எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் அவரால் சோறு வடிக்க முடிகிறது. ஓடியாட வேண்டிய பிள்ளைகள் அங்கே முற்பகல் முழுவதும் அசையாமல் இருக்கப் பழகுகிறார்கள். கூட்டத்துக்கு அவர் வட்டார அலுவலகம் சென்றால் மையமே பூட்டிக்கிடக்கிறது. குறை அவரிடம் இல்லை. 2018இல் மத்திய அரசு உயர்த்திய மதிப்பூதியம் முதன்மை மையப் பணியாளருக்கு 4,500 ரூபாய், குறு மையப் பணியாளருக்கு 3,500 ரூபாய். இரட்டை வேலை பார்ப்பவருக்கு ஆயிரம் ரூபாய் குறைவு!

உதவியாளர் கேட்டால், 150 முதல் 400 பேர் வரை வாழும் இடத்துக்குக் குறு மையம்தான் என்று விதியைக் காட்டுகிறார்கள். 2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அந்த ஆண்டில் நடக்காத நிலையில், 2011 கணக்கெடுப்புக்குப் பின் கட்டப்பட்ட வீடுகளும் பிறந்த பிள்ளைகளும் எந்தக் கணக்கில் வருவார்கள்? ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அங்கன்வாடி உணவை உரிமையாக்கிய 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், குறு மையத்துப் பிள்ளை, முதன்மை மையத்துப் பிள்ளை என்று பிரிக்கவில்லை. எடையையும் உயரத்தையும் செயலியில் ஏற்றத் தாமதமானால் உடனே விளக்கம் கேட்கும் துறை, உதவியாளர் கேட்டால் மட்டும் ‘பரிசீலனையில் உள்ளது’ என்கிறது. முதல் மனுவின்போது மையத்தில் இருந்த பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறார்கள்.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள்க. எங்கள் குறு மையத்துக்கு ஓர் உதவியாளர் பணியிடத்தை ஒப்பளிக்க வேண்டும். ஆள் வரும்வரை, சமையல் நேரத்துக்காவது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவரை அனுப்ப ஆணையிட வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
குறு மையத்துப் பிள்ளைகளின் பெற்றோர்